மிஷின் கடைக்குப் போகும் முன் உங்கள் மணிக்கணக்கைப் பாருங்கள்

ஒத்தக்கடையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஆறு மாதம் தையல் படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாராம், சீட்டு எடுத்த 50,000 ரூபாய் கையில் இருக்கிறதாம், இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாமியாரின் பழைய கால் மிஷின் ஒன்று பரணில் கிடக்கிறது. பவர் மிஷின் (கம்பெனிகளில் ஓடுகிற வேகமான மிஷின்) வாங்கி மெயின் ரோட்டில் கடை பிடிக்கலாமா, வீட்டிலேயே ஆரம்பிக்கலாமா, கூலி எவ்வளவு வைப்பது, அரசாங்கத்தில் ஏதாவது கிடைக்குமா என்பது கேள்வி.

கடை வேண்டாம். பவர் மிஷின் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் மதுரை வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையில் பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறேன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மட்டும் எத்தனையோ பேர் போர்டு மாட்டிக் கழற்றிவிட்டார்கள். அவர்களில் தைக்கத் தெரியாமல் நிறுத்தியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் எல்லாருக்கும் சிக்கல் ஒன்றே ஒன்று, சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை. "வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க அக்கா" என்று வாய் சொல்லிவிடும், கை கேட்காது. கழுத்து கொஞ்சம் இறக்கமாகப் போனால்கூட மன்னித்துவிடுகிற பெண்கள், விசேஷத்துக்கு முந்தின நாள் ஜாக்கெட் தயாராக இல்லை என்றால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

எனக்கே நடந்தது. ஆரம்பித்த மூன்றாவது வருஷம் தீபாவளிக்கு 61 ஜாக்கெட் வாங்கிப் போட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு முடிப்போம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. நடுவில் சின்னவனுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் மழையில் கரண்டு போவதும் வருவதும், தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு வாசலில் ஏழு பேர் நிற்கிறார்கள். கொக்கி வைக்காமல் ஊசியும் நூலும் சேர்த்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன், இன்று நினைத்தாலும் கூசுகிறது. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் திரும்ப வரவே இல்லை.

அதனால் முதலில் ஒரு நோட்டை எடுத்து உங்கள் நேரத்தை எண்ணுங்கள். பிள்ளைகள் ஒன்பதே காலுக்குப் போய் நாலு மணிக்கு வருகிறார்கள் என்றால் ஏழு மணி நேரம் இருப்பது போலத் தெரியும். சமையல், சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, நடுவில் வருகிற போகிற ஆட்கள் எல்லாம் கழித்தால் நாலரை மணி நேரம் மிஞ்சும், அதுவும் நல்ல நாளில். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இருபத்திரண்டு மணி நேரம். படித்து முடித்த புதிதில் ஒரு லைனிங் ஜாக்கெட் வெட்டி, தைத்து, கொக்கி வைத்து, ஓரத்தைக் கையால் தைத்து, தேய்த்து மடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அப்படியானால் வாரத்துக்கு ஏழு. நீங்கள் வாங்க வேண்டியது ஐந்து. மீதி நேரம் பிரித்துத் தைப்பதற்கும் திடீரென்று வருகிற வேலைக்கும். ஆறாவதாக வருபவரிடம் "அடுத்த வாரம்தான் முடியும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். போனால் போகட்டும், பாதிப் பேர் காத்திருப்பார்கள், நம்ப மாட்டீர்கள் ஆனால் அப்படித்தான்.

கூலியும் இந்தக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும். பக்கத்துத் தெரு அக்கா 250 வாங்குகிறார், நான் 200 வைத்தால் எல்லாரும் என்னிடம் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். வருவார்கள், வந்து உங்களை மூழ்கடித்துவிட்டுப் போவார்கள். உதாரணத்துக்கு லைனிங் ஜாக்கெட்டுக்கு 300 என்று வையுங்கள். லைனிங் துணி, நூல், கொக்கி, கரண்டு எல்லாம் சேர்ந்து ஒரு 70 போனால் நிற்பது 230. மூன்று மணி நேரத்துக்கு 230 என்றால் மணிக்கு 77 ரூபாய். இப்போது வேறொன்றைப் பாருங்கள். பேண்ட் அடி மடித்துத் தைக்க 40 ரூபாய், கால் மணி நேர வேலை, மணிக்கு 160. ரெடிமேட் சுடிதாருக்குப் பக்கம் பிடிப்பது, நைட்டியைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது எல்லாம் இதே ரகம். பிரித்துத் தைக்கிற வேலை என்று இளப்பமாகப் பார்க்கிறார்கள், எனக்கு மாவு பாக்கெட் வாங்கிய காசெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஆள் சேருவதும் அதில்தான். புது ஆளிடம் பட்டு ஜாக்கெட் துணியை யாரும் கொடுக்க மாட்டார்கள், மகனின் யூனிபார்ம் பேண்ட்டைக் கொடுத்துப் பார்ப்பார்கள், அது சொன்ன நாளில் நன்றாக வந்தால் அடுத்த மாதம் ஜாக்கெட் துணி தன்னால் வரும்.

எனவே முதல் ஆறு மாதத்துக்கு மூன்றே வேலை: ஆல்ட்ரேஷன், சேலைக்கு ஃபால், சாதா லைனிங் ஜாக்கெட். ஆரி ஒர்க், பிரின்சஸ் கட், குழந்தை ஃபிராக், அனார்கலி எல்லாம் போர்டில் எழுதாதீர்கள். சின்ன வயதில் அம்மா என்னைப் பாவாடை சட்டை தைக்கப் புதுமண்டபத்துக்குக் கூட்டிப்போவார். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் கல் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின். ஒருத்தர் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடையைத் தைப்பார், ஒருத்தர் சாமிக்குத் துணி தைப்பார், ஒருத்தர் பாவாடை. அளவு நாடாவைப் பாதி நேரம் கழுத்தில்தான் போட்டிருப்பார்கள், கண்ணால் பார்த்தே வெட்டுவார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்த கை அது. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, மண்டபத்தில் இருந்த அழகு அங்கே இல்லை, அது வேறு கதை.

சரி, மிஷினுக்கு வருவோம். பவர் மிஷின் ஏன் வேண்டாம் என்றால், ஒரு ஜாக்கெட்டில் மிஷின் ஓடுகிற நேரம் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அளவு போடுவது, வெட்டுவது, டாட் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கிற மடிப்பு) குறிப்பது, கொக்கி, ஓரத்துக் கைத்தையல், அயர்ன் எல்லாம் கை வேலை. மிஷினை நாலு மடங்கு வேகமாக ஓட்டினாலும் அந்த மூன்றில் ஒரு பங்கு நேரத்தில்தான் குறையும். அதற்கு மேஜை மோட்டாரோடு இருபதாயிரத்துக்கு மேல் கொடுப்பது முதல் வருஷத்தில் வீண். நைட்டி, உள்பாவாடை, யூனிபார்ம் மாதிரி நீளத் தையல் போகிற வேலைதான் உங்களுக்கு அதிகம் வருகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள், அதில் பவர் மிஷின் போட்ட காசை எடுத்துத் தரும். அப்போதும் சர்வோ மோட்டார் கேளுங்கள். கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் உறுமிக்கொண்டே கரண்டு தின்னும், மாடியில் குடியிருப்பவர் ஒரு வாரத்தில் சண்டைக்கு வருவார். சர்வோ பெடலை மிதித்தால்தான் ஓடும். பவர் மிஷினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும், கோடு வரைக்கும் எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் மிஷின் இறுகிப்போகும். ஊசியும் வேறு. வீட்டு மிஷின் ஊசியின் மேல்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசி முழு உருண்டை, ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது.

இன்னொன்று, நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகிற கரண்டு சாயங்காலம்தான் வரும். அன்றைக்குக் கால் மிஷின்தான் தெய்வம். அதில் சின்ன மோட்டார் மாட்டிக்கொண்டாலும் மிதிக்கிற வசதியைக் கழற்றிப் போடாதீர்கள்.

அந்த 50,000-ல் பழைய மிஷினைச் சரிபார்க்க, சின்ன மோட்டார், ஒரு சின்ன ஓவர்லாக் மிஷின் (சுடிதார், நைட்டிக்கு ஓரம் பிரியாமல் இருக்க இது கட்டாயம்), கனமான அயர்ன் பாக்ஸ், நல்ல கத்தரி, லைனிங்கும் நூலும் என்று என் கணக்கில் இருபதாயிரத்துக்குள் முடியும். மீதியைத் தொடாதீர்கள், ஆறு மாதம் வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும். வெட்டுவதற்கு மேஜை மட்டும் எப்படியாவது ஏற்பாடு செய்யுங்கள். தரையில் குத்தவைத்து வெட்டித்தான் என் இடுப்பு போனது. பழைய கதவு ஒன்றை இரண்டு பெஞ்சு மேல் போட்டாலும் போதும், உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கவேண்டும்.

லைனிங் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். விளக்குத்தூண் பக்கம் போய் மொத்தமாக லைனிங் வாங்குவீர்கள், வெள்ளை, கறுப்பு, சந்தனம், மெரூன், பச்சை என்று ஓடுகிற நிறங்களாக. வாங்கி வந்ததும் அதை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள், கல் உப்பு ஒரு கை சேர்த்து. காலையில் பிழியாமல் எடுத்து நிழலில் உதறிப் போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்துச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஒரு மீட்டர் வாங்கினது நனைத்த பிறகு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருப்பதை அளந்தே பார்க்கலாம். இந்தச் சுருக்கம் தைத்த பிறகு நடந்தால் என்ன ஆகும்? மேல் துணி சிந்தெடிக் என்றால் அது சுருங்காது, உள்ளே லைனிங் சுருங்கி இழுக்கும், முன்பக்கம் முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளிக்கும். ஒரு டீச்சருக்கு அப்படி நாலு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, முதல் துவைப்பிலேயே நாலையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திட்டவில்லை, மேஜை மேல் வரிசையாக விரித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நாலுக்கும் லைனிங்கைப் பிரித்து மாற்றினேன், ஒரு வாரம் போயிற்று. சேலை ஃபாலுக்கும் இதே கதைதான், நனைக்காத ஃபாலை அடித்தால் ஓரம் சுருண்டுகொள்ளும்.

சுங்குடித் துணி வந்தால் இன்னும் கவனம். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்த் துணி, வெளியூர்ப் பிள்ளைகள்கூட இப்போது சுங்குடியில் சுடிதார், நைட்டி கேட்கிறார்கள். கஞ்சி ஏற்றியிருப்பார்கள், சாயமும் முதல் தண்ணீரில் கொஞ்சம் விடும். அதனால் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுகிறேன் என்று வாங்கும்போதே சொல்லி, இரண்டு நாள் கூடக் கேளுங்கள். தனியாக நனைக்கணும், வெள்ளை லைனிங்கோடு ஒரே வாளியில் போட்டுவிட்டு எனக்குச் சொல்லாதீர்கள்.

பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இன்ச் துணி விட்டு, கால் இன்ச் இடைவெளியில் மூன்று தையல் ஓட்டுங்கள். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்வார்கள். இந்தச் சின்ன விஷயத்துக்காகவே டெய்லர் மாறாத பெண்கள் எனக்கு இருக்கிறார்கள்.

துணி வாங்கும் நேரம்தான் சண்டை உற்பத்தியாகிற நேரம். வந்தவர் முன்னாலேயே துணியை விரித்து அளந்து, "அக்கா, எண்பது சென்டிமீட்டர் இருக்கு, சரியா?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். துணியில் நூல் இழுத்திருந்தாலோ கறை இருந்தாலோ அப்போதே காட்டிவிடுங்கள். செல்போனில் துணியையும் அவர் காட்டின மாடலையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸப்பில் அனுப்புங்கள், தேதியும் கூலியும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். அளவு ஜாக்கெட் கொடுத்தால் அதை அப்படியே நம்பக்கூடாது. "இதில் எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது?" என்று கேளுங்கள். பாதிப் பேர் மூன்று வருஷத்துக்கு முந்தின ஜாக்கெட்டைத்தான் கொண்டு வருவார்கள். உயரம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கைச்சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம், தேதியோடு.

பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரர்களிடமும் கேளுங்கள், அவர்களிடம்தான் முதலில் கேட்கவேண்டும். நாத்தனார் ஜாக்கெட்டுக்குக் காசு கேட்கவா என்று தயங்கினீர்கள் என்றால் நாத்தனாரின் ஓர்ப்படிக்கும் சேர்த்து இலவசமாகத் தைப்பீர்கள். நான் மாமியாருக்கு மட்டும் வாங்குவதில்லை, மற்ற எல்லாருக்கும் லைனிங் காசாவது வாங்கிவிடுவேன்.

வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் நல்ல கூட்டம், மீனாட்சி கல்யாணத்துக்குத் தாலிக்கயிறு மாற்றும் பெண்களுக்கெல்லாம் புது ஜாக்கெட் வேண்டும். ஜூன் வந்தால் யூனிபார்ம். ஆடியில் கல்யாணம் இல்லை, கை காய்ந்துபோகும், ஆனால் தள்ளுபடியில் துணி எடுத்து வைத்தவர்கள் ஆவணி முகூர்த்தத்துக்கு ஓடி வருவார்கள். அப்புறம் தீபாவளி, மார்கழியில் மறுபடி மந்தம், தை பிறந்தால் பொங்கலும் கல்யாணமும். மந்தமான மாதங்களில் மிஷின் சர்வீஸ், லைனிங் நனைத்து வைப்பது, புது கட் ஒன்றைப் பழைய துணியில் பழகுவது என்று வைத்துக்கொண்டால் அந்த மாதங்கள் வீணாகாது.

மந்தத்தைச் சமாளிக்க உருப்படிக் கணக்கில் உள்பாவாடை, நைட்டி தைத்துக் கொடுக்கும் வேலையை எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், ஆனால் வாரா வாரம் காசு கைக்கு வரவேண்டும். நான் ஒரு இடத்துக்குத் தைத்துக் கொடுத்து, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு மாதக் கூலியை விட்டுத்தான் புத்தி வந்தது.

அரசாங்க விஷயம். உத்யம் பதிவை (சிறுதொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் பதிவு) முதலில் போட்டுவிடுங்கள், ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணமே கிடையாது. இதற்குக் காசு கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் அரசாங்கத்துடையது அல்ல. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் தைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. கடன் வேண்டும் என்றால் மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு என்ற பிரிவு 50,000 வரைக்கும். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் சேர்த்தி, 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு, ஆனால் 35 வயது ஆகியிருக்கவேண்டும், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்களுக்குச் சமூக நலத்துறை சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவச மிஷினே தருகிறது. உங்களுக்கு இல்லாவிட்டாலும் வகுப்பில் உங்களோடு படித்த யாருக்காவது பொருந்தும், சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக உறுப்பினர்களுக்கு வருகிறது, அதையும் சமூக நலத்துறையிலேயே விசாரிக்கலாம். ஆனால் ஒன்று, கையில் 50,000 இருக்கும்போது கடனுக்கு அலையாதீர்கள். மாதத் தவணை வந்துவிட்டால் ஐந்து ஜாக்கெட் எடுக்கிற இடத்தில் பத்து எடுக்கத் தோன்றும், அப்புறம் தீபாவளி ராத்திரி வாசலில் ஏழு பேர்.

வரவு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வாரம் ஐந்து ஜாக்கெட்டில் 1,150, ஆல்ட்ரேஷனில் ஒரு 600, மாதத்துக்கு ஏறக்குறைய 7,000. கை வேகம் கூடி ஜாக்கெட் இரண்டு மணி நேரத்துக்கு வந்த பிறகு இது தன்னால் ஏறும். இந்த 7,000-ல் மெயின் ரோட்டுக் கடைக்கு வாடகை கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பரணில் கிடக்கிற மிஷினை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். தூசி தட்டி, எண்ணெய் விடும் ஓட்டை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இறுகியிருந்த அழுக்கு இளகும். அப்புறம் தையல் மிஷின் எண்ணெய். பெல்ட்டும் பாபின் கேஸும் புதிதாக மாற்றுங்கள், பதினாலாம் நம்பர் ஊசி போடுங்கள். துணியைத் தள்ளுகிற பல்லுக்கு இடையில் அடைத்திருக்கும் பஞ்சைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுங்கள். வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை மடித்து வைத்து பத்து வரிசை தைத்துப் பாருங்கள். முதல் மூன்று வரிசையில் எண்ணெய்க் கறை வரும், அது பரவாயில்லை. பத்தாவது வரிசை சுத்தமாக வந்து, மேல் நூலும் கீழ் நூலும் ஒரே மாதிரி இருந்தால், கேட்டில் ஒரு சின்ன போர்டு எழுதி மாட்டிவிடலாம்: பேண்ட், சுடிதார் ஆல்ட்ரேஷன், சேலை ஃபால், லைனிங் ஜாக்கெட், காலை 10 முதல் 4 வரை. நேரத்தையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுவார்கள்.